கௌசலா உள்ளே போகாத நாள்

என் மனைவி கௌசலா கண்ணிவெடி அகற்றுகிறவள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர் வாயைப் பிளப்பார்கள். பரந்தனில் யாரும் பிளப்பதில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பெண்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். விடிய ஐந்து மணிக்கு வாகனம் வரும். ஆனையிறவு தாண்டிப் போய்ப் பின்னேரம் மூன்றரைக்குத் திரும்புவார்கள். நான் உழவு இயந்திரம் ஓட்டுகிறேன். வீட்டில் துணிச்சல்காரர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

மகள் தனுஷாவுக்கு இரண்டரை வயது. இவ்வளவு நாளும் அவளைக் கௌசலாவின் தங்கைதான் பார்த்தாள். தங்கை கலியாணம் முடித்து ஓமந்தைக்குப் போனதும் கேள்வி வந்தது: பிள்ளை பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் போவதா, தாய் வேலையை விடுவதா? சொந்தக்காரர் எல்லாரும் இரண்டாவதையே சொன்னார்கள். "பச்சைமண்ணை ஆரிட்டையோ விட்டிட்டு..." என்று என் அக்கா மூக்கைச் சிந்தினாள். கௌசலா யாரோடும் கதைத்து மினக்கெடவில்லை. நேரே போய்ப் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. நிலையத்தை நடத்தும் ஞானேஸ்வரி ரீச்சர் கையை நீட்டியதும் தனுஷா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள்.

"நீங்கள் போங்கோ தம்பி. கொஞ்ச நேரத்தில நிப்பாட்டிடுவா."

போனேன். வாசல் படலை வரைக்கும்தான் போனேன். உள்ளேயிருந்து "அப்பா" என்று கேட்டது. திரும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைக்காக இரங்குவதாக நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் தாங்கவில்லை.

மாரிமழை விதைப்புக்கான காலபோக உழவு நேரம், வயற்காரர் காத்திருந்தார்கள். பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டே உழுதேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

கௌசலாவின் வேலையிடத்தில் கைபேசிகளை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வெடி நிலத்துக்குள் இறங்குவார்கள். ஓய்வு நேரத்தில் மட்டும் எடுக்கலாம். ஒன்பது மணி ஓய்வில் அவள் பார்த்தால் ரீச்சரின் செய்தி கிடந்தது: அப்பா பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். கௌசலா எனக்கு ஏழு தரம் அழைத்திருக்கிறாள். இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பின்னேரம் வந்தவள் பிள்ளையைத் தூக்கித் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இண்டைக்கு ஓய்வுக்குப் பிறகு நான் உள்ளுக்குப் போகேல்ல."

"ஏன், வேலை இல்லையோ?"

"மனம் ஒருநிலையில இல்லாட்டி சொல்லிப்போட்டு வெளியில இருக்கவேணும். அது அங்கத்தைச் சட்டம். பிள்ளை எங்க எண்டு தெரியாமல் அந்த மண்ணில கை வைக்கச் சொல்லுறீங்களோ? ஒன்பது மணியில இருந்து மரத்தடியிலதான் இருந்தனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போயிருந்தால் என்று நினைத்தபோது வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக வந்தது. அந்தப் பயத்தில் வாய் தவறிவிட்டது.

"அப்ப கொஞ்ச நாளைக்கு வேலையை..."

"விடமாட்டன்." குரலை உயர்த்தவில்லை அவள். "அழுகிற பிள்ளை ரீச்சரிட்ட இருக்கிறாள் எண்டு தெரிஞ்சா நான் வேலை செய்வன். சிரிக்கிற பிள்ளை எங்க எண்டு தெரியாட்டி என்னால ஏலாது. நாளைக்குக் கொண்டுபோய் விடுங்கோ."

அடுத்த நாள் தனுஷா அழுதது மட்டுமில்லை, என் நெஞ்சில் உதைத்தாள். ரீச்சரின் கையில் கொடுத்துவிட்டுப் படலையைச் சாத்தினேன். அழுகை ஒழுங்கை முடிவு வரை கேட்டது. நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திக் கௌசலாவுக்கு எழுதினேன்: "விட்டிட்டன். அழுகிறாள். ரீச்சரிட்டத்தான் இருக்கிறாள்."

அன்று கைபேசியைப் பார்ப்பதற்காக உழவு இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினேன். வயற்காரர் முறைத்தார். ஒன்பது மணி கழிந்து இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"சரி. நான் உள்ளுக்குப் போறன்."