பிந்திய இமை

கொச்சியில் எங்கள் ஸ்டூடியோவுக்குக் கீழே ஒரு பழக்கடை. நேற்று அங்கே பன்னீர் திராட்சைப் பெட்டியைப் பிரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் மாடிப்படி ஏற மறந்து நின்றுவிட்டேன். கம்பத்தில் நான் முதலில் வேலை பார்த்த வீடியோ மிக்சிங் கடைக்கு எதிரே திராட்சை பேக்கிங் ஷெட். எங்கள் கீபோர்டில்கூட அந்த வாசனைதான் அடிக்கும்.

உத்தமபாளையத்தில் டிகிரி முடித்துவிட்டு, பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். பொழுது போகட்டும் என்று சேர்ந்த கடை அது. கல்யாணப் போட்டோக்களின் மேல் ரோஜா இதழ்களை உதிரவிடுவது என் வேலை. சாவு என்றால் அதே இதழ்களை வெள்ளையாக்கி வேகத்தைக் குறைப்பேன். இதற்கே என்னைப் பெரிய கலைஞி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

முருகேஸ்வரி அக்கா வந்தது அப்போதுதான். அவர் வீட்டுக்காரர் கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். நெஞ்சுவலியில் போய்விட்டார். கருமாதியன்று லோக்கல் டிவியில் போட அஞ்சலிப் படம் வேண்டும். அக்கா கையில் இருந்தது லைசென்ஸுக்கு எடுத்த ஒரே போட்டோ. யாரும் கேட்காமலே, என் சாமர்த்தியத்தைக் காட்ட, அந்தக் கண்களைச் சிமிட்ட வைத்தேன். கை பழகாத காலம். இடது இமை வலதைவிடச் சற்றுப் பிந்தி மூடியது. அதைச் சரிசெய்யவும் தெரியவில்லை.

அக்கா ஒரே தடவை பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. அவுக கண்ண என் கையாலதான் மூடிவிட்டேன். இன்னொருக்கா மூட என்னால ஆகாது."

உடனே அந்தச் சிமிட்டலை அழித்துவிட்டேன். கருமாதியன்று அவர் படம் டிவியில் அசையாமல் நின்றது.

ஆனால் அதை அழித்த அன்று, எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் வேறு நினைப்பே இல்லை. ஓர் இமை அசைந்தால் ஓர் ஆள் இப்படிக் கலங்குவாரா? அந்த மாதமே பேங்க் புத்தகங்களைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மதுரைக்கு அனிமேஷன் படிக்கப் போனேன். அக்காவின் துக்கத்தில்தான் என் தொழில் தொடங்கியது. இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கொச்சியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அக்காவே போன் செய்தார்.

"பாப்பா, அன்னைக்குக் கண்ணு சிமிட்டுனாகள்ல, அந்தப் படம் இருக்கா? ஒருக்கா பாக்கணும்."

அது என்னிடம் இல்லை. புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொல்லி, போட்டோவை வாங்கி, படித்த வித்தையெல்லாம் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். இரண்டு இமைகளும் ஒன்றாக, பிசிறில்லாமல் மூடித் திறந்தன.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா அவுகளுக்கு இடது கண்ணு எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் மூடும். அன்னைக்கு அப்படியே இருந்துச்சு. இது வேற யாரோ."

இடது இமையைப் பிந்தவைத்து அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் பிந்தவைத்து அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில் அக்காவே, "விடு பாப்பா" என்றார்.

அந்த மிக்சிங் கடை இப்போது இல்லை, லோக்கல் டிவியும் இல்லை. ஆனால் அந்த முதல் சிமிட்டலை அழித்த அன்று, நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கத்தான் செய்தது. அக்கா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். நான் சரி என்று அழுத்தினேன்.