இமெல்டா வளர்த்த குவார்ட்டர்பேக்

சுவிற்சர்லாந்தில், துன் ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன அமெரிக்கக் கல்லூரியின் சலவைக்கூடத்தில், 1994ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துப் பாசையூர் இமெல்டா எவருக்கும் தேவைப்படாத ஓர் அறிவைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் கல்லூரி அணியின் நாற்பது ஜேர்சிகள் வந்து விழும். எவன் விளையாடினான், எவன் கரையில் நின்று வாழைப்பழம் தின்றான், எவன் எவனுக்குக் கீழே கிடந்தான் என்பதெல்லாம் துணியில் எழுதியிருக்கும். அவள் வாசிப்பாள். பிறகு அறுபது பாகையில் துவைத்து அழித்துவிடுவாள்.

ஆட்டம் அமெரிக்கக் காற்பந்து. பெரும்பாலும் கையால்தான் விளையாடுகிறார்கள்; ஏன் அந்தப் பெயர் என்பதை அமெரிக்கர்களைத்தான் கேட்க வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி, மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டியவன். முடிவெடுக்காவிட்டால் எதிரணியில் நாலு பேர் வந்து அவன்மேல் படுத்துவிடுவார்கள். இந்த அணியின் குவார்ட்டர்பேக் மிஷெல், லா ஷோ-து-ஃபோன் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரர் ஒருவரின் மகன். விநாடியை வைத்தே சோறு தின்ற குடும்பம். ஆனாலும் அவனுக்கு மூன்று விநாடி போதவில்லை.

இரண்டு வருடமாக அணி ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. இந்தப் பருவத்திலும் ஒன்றாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைப்பது என்று நிர்வாகி ஃபிரவ் ஸ்டுக்கி, அதாவது திருமதி ஸ்டுக்கி, அறிவித்துவிட்டார். அணி போனால் அழுக்குப் போகும். அழுக்குப் போனால் இமெல்டாவின் வேலை போகும். வேலை போனால், தற்காலிகமாகத் தங்கவிடும் எஃப் பெர்மிட்டை, வதிவிட உரிமை தரும் பி பெர்மிட்டாக மாற்றக் கேட்டு அவள் போட்டிருந்த விண்ணப்பமும் அதோடு போகும். ஆகவே அந்தக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்கின் வளர்ச்சியில் உண்மையான அக்கறை கொண்ட ஒரே ஆள் இமெல்டாதான். கோச்சுக்குச் சம்பளம் எப்படியும் வந்தது.

"அந்தப் பெடியன் இடப்பக்கமே பாக்கிறேல்லை," என்றாள் ஒரு நாள், ஹோட்டல் சமையலறை வேலை முடித்து வந்த கணவன் ஜெபநேசனிடம்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவன்ர சட்டை. இடது விலாவில எப்பவும் மற்றப் பக்கத்தாரின்ர ஹெல்மெட் பெயின்ற். வலது தோளில சேறு. இடப்பக்கத்தால வந்து இடிக்கிறாங்கள், இவன் வலப்பக்கம் விழுறான்."

"சட்டை வேற என்ன சொல்லுது? எங்கட பெர்மிட் எப்ப வருமாம்?"

"அதைத்தான் சொல்லுது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

கோச்சிடம் போய்த் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள். கோச் அமெரிக்கர்; அவருக்கு ஜேர்மன் தெரியாது. அவர் சிரித்து, இரண்டு சாக்ஸ்களைக் கையில் கொடுத்தனுப்பினார்.

சலவைக்கூடத்தில் ஒவ்வொரு உடுப்புக்கும் இலக்கம் போட்ட சிறு துணித்துண்டு தைப்பது வழக்கம். இமெல்டா மிஷெலின் இலக்கத்துண்டைக் கஞ்சியில் தோய்த்து, தகடு மாதிரி விறைக்கவைத்து, கழுத்துப்பட்டியின் உள்ளே வலப்பக்கம் தைத்தாள். வலப்பக்கம் திரும்பினால் குத்தும். பிள்ளை தன்னால் இடப்பக்கம் பார்ப்பான் என்பது கணக்கு.

பார்த்தான். இடப்பக்கம் மட்டுமே பார்த்தான். அடுத்த திங்கட்கிழமை பெயின்ற் வலது விலாவுக்கு மாறியிருந்தது. அணி தோற்றிருந்தது.

இமெல்டா மனம் தளரவில்லை. இடப்பக்கமும் ஒரு துண்டு தைத்தாள்.

இப்போது மிஷெலால் கழுத்தை எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் தோளையும் காலையும் சேர்த்து, முழு உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. கழுத்தால் அல்ல, காலால் திரும்பு என்று கோச் இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியதும் அதையேதான். அந்தச் சனிக்கிழமை அணி வென்றது. அடுத்த சனிக்கிழமையும் வென்றது. கோச் உடனே 'ஆறு வாரத்தில் குவார்ட்டர்பேக்' என்று நாலு வரைபடங்களோடு ஒரு கட்டுரை எழுதி, அமெரிக்கப் பயிற்சியாளர் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார்.

அதற்குள் மிஷெலின் கழுத்தில் சிவப்பாகத் தடித்துவிட்டது. தாதி பார்த்து, சோப் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினாள். ஃபிரவ் ஸ்டுக்கி இமெல்டாவையும் கோச்சையும் அழைத்தார்.

"முள்ளு வைச்சுத் தைச்சனான் எண்டு போய்ச் சொல்லப்போறியோ?" என்றான் ஜெபநேசன்.

"கேட்டால் சொல்லுவன். ஜேர்மனில பொய் சொன்னால் பிறகு ஞாபகம் வைச்சிருக்கேலாது."

கேட்டார்கள். சொன்னாள். ஃபிரவ் ஸ்டுக்கி அதை ஆங்கிலத்தில் கோச்சுக்குச் சொன்னார். கோச் ஜேர்சியை வாங்கி, கழுத்துப்பட்டிக்குள் விரல் விட்டுத் தடவினார். அவர் முகமே கஞ்சி போட்டதுபோல் விறைத்தது. நாலு வரைபடங்களும் அச்சுக்குப் போய்விட்டனவே.

"இது என்னுடைய முறையின் ஒரு பகுதி," என்றார் கடைசியில். "நான் சொல்லித்தான் செய்தார்."

"அப்படியானால் இவருடைய வேலை விவரத்தில் இது இல்லையே," என்றார் ஃபிரவ் ஸ்டுக்கி. பொய்யைக்கூட அவரால் தாங்க முடியும், பதிவில்லாத வேலையைத் தாங்க முடியாது. அன்று மாலையே புது ஒப்பந்தம் அடிக்கப்பட்டது: சலவை அறுபது வீதம், குவார்ட்டர்பேக் வளர்ச்சி நாற்பது வீதம்.

பெர்மிட் வழங்கும் வெளிநாட்டார் பொலிஸில் அதிகாரி அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"இந்த வேலைக்குச் சுவிஸ்காரர் எவரும் கிடைக்கவில்லையா, ஃபிரவ் ஜெபநேசன்?"

"ஒருவர் இருந்தார்," என்றாள் இமெல்டா. "அமெரிக்கர். அவரால் முடியவில்லை."

பி பெர்மிட் மூன்று கிழமையில் தபாலில் வந்தது. இந்தத் தொழிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்று கீழே ஒரு வரி. ஜெபநேசன் அதை வாசித்து, "ஆயுளுக்கும் உனக்குப் பந்துதான்," என்றான்.

அடுத்த வருடம் மிஷெல் படித்து முடித்துப் போக, புதிதாக ஒருவன் வந்தான். முதல் திங்கட்கிழமை கோச் தானே சலவைக்கூடத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார். கையோடு கொண்டுவந்த கோப்பைத் திறந்தார். பேனையை எடுத்தார். இந்த இடைவெளியில் கொஞ்சம் ஜேர்மன் படித்திருந்தார்.

"இவன் எப்படி?"

இமெல்டா புதியவனின் காற்சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு தொடையிலும் உள்ளங்கை துடைத்த தடம், பல தரம்.

"பயப்படுகிறான்."

"அதற்கு எங்கே தைப்பது?"

"தைக்க ஒன்றுமில்லை. நீங்கள் கத்துவதை நிறுத்துங்கள்."

கோச் காற்சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.