சுக்கு மூட்டையை உட்கார வைத்தவர்

அரசு வழங்கிய சக்கர நாற்காலியைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் மட்டுமே பழுதுபார்க்க வேண்டும். பார்த்தபின் சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டு, தானே அதில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். விதி இப்படித்தான் சொன்னது. அலுவலகத்தில் பிறருக்கு விதிகளை எடுத்துக்காட்டியே சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டு வாசலிலும் அந்த வேலை காத்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததிலிருந்து என் மனைவியால் நடக்க முடியாது. எறணாகுளத்தில் அவளுக்குத் தட்டச்சர் வேலை. காலையில் மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டியின் சரிவில் நாற்காலியை நிறுத்துவேன். படகுக்காரர்கள் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றுவார்கள். படகு வரும்வரை அவளுக்கும் காயல் தண்ணீருக்கும் நடுவே இருந்தது அந்தப் பிரேக் ஒன்றுதான்.

டயர் கிழிந்ததும் நாற்காலி தந்த அரசுத் துறைக்கு எழுதினேன். ஒருவர் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஒரே ஸ்பேனர். அந்த விகிதமே எனக்குப் பிடிக்கவில்லை. புது டயரை மாட்டிவிட்டு, "எல்லாம் செரியாயி சாரே, ஒரு ஒப்பு" என்று தாளை நீட்டினார்.

"உட்கார்ந்து பாத்தீங்களா?"

"நானா? காலு நல்லா உள்ள ஆளு இதுல இருக்கப்படாது சாரே. தோஷமாக்கும். வீட்ல பிள்ளைங்க உண்டு."

"பயிற்சி எங்கே எடுத்தீங்க?"

"கலூர்ல, சேட்டனோட ஒர்க்‌ஷாப்புல."

"என்ன ஒர்க்‌ஷாப்?"

"சைக்கிளு."

பக்கத்துக் கிடங்கிலிருந்து ஒரு சுக்கு மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி நாற்காலியில் வைத்தார். சமதளமான வாசலில் மூட்டை மகாராணி போல அமர்ந்திருந்தது.

"கண்டோ! அனங்கல, நகரவே இல்ல."

"மூட்டை படகேறி வேலைக்குப் போகப் போறதில்லையே" என்றாள் மனைவி.

நான் கையெழுத்திடவில்லை. "சாருக்கு எல்லாத்துலயும் சம்சயம்" என்று முணுமுணுத்தபடி போனார்.

மறுநாள் அவளை வீட்டில் விட்டுவிட்டு, காலி நாற்காலியை ஜெட்டிக்குத் தள்ளிப்போனேன். சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டு, உட்கார்ந்தேன். "அய்யோ சாரே, எழும்பு எழும்பு!" என்று சுமைதூக்கும் ஒருவர் கத்தினார். அவரும் தோஷத்துக்குத்தான் பயந்தார். புது டயர் பழையதைவிட மெல்லியது. பிரேக் கட்டை அதைத் தொட்டதே தவிரப் பிடிக்கவில்லை. நாற்காலி தண்ணீரை நோக்கி நகர்ந்தது. படகு கட்டும் தூணைக் கட்டிப்பிடித்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றே துறைக்கு எழுதினேன், பிறகு நினைவூட்டல்கள். வேறு யார் கையும் அந்த நாற்காலியில் படவிடவில்லை. அவளுடைய விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பு தொடங்கியது. வேலையே போய்விடும் என்று அவள் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். படகுச் சங்கு ஊதும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

கடைசியில் பதில் வந்தது. முன்பு வந்தவர் பயிற்சி பெற்றவரல்லர். தகுதியுள்ள வேறொருவர் வந்து சரிசெய்து, ஜெட்டியிலேயே சோதித்துத் தருவார் என்றிருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உட்காருவாரா?"

"உட்காருவார்னுதான் போட்டிருக்கு."

"போட்டிருக்கிறது சரி. காலையில நீங்க ஜெட்டிக்குப் போய் அவர் உட்காருறதைப் பாருங்க. அப்புறம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

என் சந்தேகம் அவளுக்கும் தொற்றியிருந்தது. வாசல்களில் ஓணத்தின் முதல் பூக்கோலம் போட்டிருந்தார்கள். ஜூன் மழைக்கு முன்பே எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்த நாள், ஆவணி அத்தம்.