முப்பிடாதி கேட்ட ஆட்டோ

முப்பிடாதிக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்று திருவொற்றியூரில் அந்தத் தெருவே சந்தேகப்பட்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வெள்ளத்துரையைக் கட்டிக்கொண்டு வந்தவள். மளிகைக் கடையில் அவன் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். அவள் பின்னால் நின்று பருப்பைப் பொட்டலம் கட்டுவாள். தீபாவளிக்கு எந்தக் கலரில் சேலை எடுக்க என்று கேட்டால், "எதுனாலும் சரி" என்பாள். கேட்கிற நமக்கே எரிச்சல் வரும்.

நிறைமாதத்தில் அவளுக்கு அம்மை போட்டது. நெஞ்சிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள். தாயில்லாத மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்படியில் தாளிப்பை நிறுத்தினாள். வெள்ளத்துரை ஆஸ்பத்திரி என்று இழுத்தபோது, "அம்மா எறங்கியிருக்க வீட்டுல ஊசி மாத்திரையா? வாயைக் கழுவுல!" என்று அடக்கிவிட்டாள். கெட்ட மனசுக்காரி இல்லை. அவள் பெற்றதெல்லாம் வேப்பிலையிலேயே தேறிய பிள்ளைகள். மருமகள் வயிற்றுக்குள் இன்னொரு உயிர் இருப்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது. அதனால் பக்கத்து வீட்டு கரோலின் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"இன்னாம்மே, இப்டி மூச்சு வாங்கிகினு கீற?"

"இருமல்க்கா. படுத்தா மூச்சு முட்டுது."

கரோலின் முகம் மாறியது. "எங்க அக்காவுக்கும் நெறமாசத்துலதான் போட்டுச்சு. ஒடனே வலி வந்துடுச்சு. கொயந்தைக்கும் அம்மை போட்டு, தங்கலமே. மின்னாடியே வந்துருந்தா அம்மாக்காரிக்கு மருந்தும் கொயந்தைக்கு ஊசியும் போட்டுருக்கலாம்னாரு டாக்டரு. வூட்ல சொல்லு, கெளம்பு."

சொல்வதாம்! அதுதானே அவளுக்கு வராது. கரோலின் போன பிறகு பிள்ளை உள்ளே உதைத்தது. அடிவயிற்றில் லேசாக ஒரு வலி இழுத்துவிட்டது. கரோலின் சொன்ன வலி இதுதானோ?

அந்த நேரம் மாமியார் இளநீரோடு வந்தாள். அம்மை போட்டவள் வாயிலிருந்து வருவது அம்மனே கேட்பது. இல்லை என்று சொன்னால் குற்றம். எனவே தினமும் கேட்பதுபோலவே கைகூப்பிக் கேட்டாள்.

"தாயே, ஒனக்கு என்ன வேணும்?"

"எதுனாலும் தருவியா?" மாமியாரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"தாரேன் தாயே."

"ஆட்டோ வேணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

அம்மன் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறோமே என்று முப்பிடாதி மனசுக்குள் அம்மனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மாமியார் இளநீரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏல வெள்ளத்துரை, அம்மா ஆட்டோ கேக்கா, ஓடுல!" என்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். ஆட்டோ வந்ததும் ஒரு கொத்து வேப்பிலையோடு மாமியாரும் ஏறிக்கொண்டாள்.

ராயபுரத்து ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறையில் சேர்த்தார்கள். அம்மை நுரையீரலைத் தொட ஆரம்பித்திருந்தது. மருந்து ஏற்றினார்கள். வலியும் நிற்கவில்லை; மறுநாளே பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு பிள்ளைக்கு ஊசி போட்டுத் தனியே கொண்டுபோய்விட்டார்கள். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அவள் பிள்ளையைத் தொடவில்லை. மார்பு கனத்து, அழுதுகொண்டே கிடந்தாள். அம்மை பிள்ளையை அண்டவில்லை, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வாசல் வேப்பிலையையும் எடுத்தாயிற்று. மாமியார் பேத்தியை மடியை விட்டு இறக்கவில்லை.

"ஏளா, அன்னைக்கு ஆட்டோ கேட்டது அம்மாவா, நீயா?"

முப்பிடாதிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான்தான் அத்தை."

 மாமியார் பிள்ளையின் விரலைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து கேக்கதுக்கு ஒனக்கு அம்மை வரணுமாளா?"

"அப்ப பிள்ளையைத் தாங்க" என்றாள் முப்பிடாதி. "எவ்வளவு நேரந்தான் நீங்களே வச்சிருப்பீய?"