ஞாயிற்றுக்கிழமை எரியாத நெஞ்சு

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போன பிறகுதான் எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். யார் சொல்லியும் கேட்கவில்லை. யார் சொன்னாலும் கேட்கிற ஆள் நான் இல்லை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வீட்டில் நானும் என் மாமியாரும் ஓர் எருமையும். மூன்று பேரில் எருமை ஒன்றுதான் சாதுவானது. ராஜபாளையத்தில் இருக்கும் என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த தையல் மெஷின் முன்வாசலில் இருக்கும். ரவிக்கையும் பாவாடையும் தைத்து நான் கொஞ்சம் சம்பாதித்தேன். மாமியார் பால் ஊற்றினார். அவர் பாலில் தண்ணீர் கலப்பதாக நான் சொல்வேன், என் தையல் கோணல் என்று அவர் சொல்வார். அப்படித்தான் பொழுது போனது.

என் வீட்டுக்காரரிடமிருந்து பல மாதங்களாக ஒரு தகவலும் இல்லை. அந்த நேரத்தில் சோழபுரத்துக்காரர் ஒருவர் போர்முனையில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் ரயில் ஏறியவர்கள். சேதி கேட்டதும் மெஷினை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். நேராகக் கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு, அவர் உயிரோடு வீடு வந்து சேரும்வரை ஒருசந்தி இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின தபசுகாலத்தில் எங்கள் ஆட்கள் இருப்பதுதான். நான் பாஸ்குத் திருநாள் தாண்டியும், ஊரெல்லாம் ஆட்டுக்கறி தின்கிற நாட்களிலும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு. அது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று ஒருசந்தி கிடையாது.

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன். ஆனால் காப்பியும் தண்ணீரும் ஒருசந்தியை முறிக்காது என்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய ஆறுதல். கருப்பட்டி போட்ட கடுங்காப்பியை விடிந்ததிலிருந்து தம்ளர் தம்ளராகக் குடிப்பேன். மத்தியானம் கோயில் மணி அடித்ததும் தட்டின் முன்னால் உட்காருவேன். குவித்து வைத்த சோறு, எண்ணெய் மிதக்கும் புளிக்குழம்பு, பொரித்த கருவாடு, மிளகாய்த் துவையல். மறுநாள் மத்தியானம்வரை தாங்க வேண்டுமே. சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும். கட்டிலில் போய் விழுவேன். எழுந்து மெஷினில் குனிந்தால் வயிற்றிலிருந்து புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். நெஞ்சுக்குழி அடுப்பாக எரியும்.

முதலில் பயந்தேன். பிறகு எனக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கு அங்கே வர வேண்டிய நெருப்பு இங்கே எனக்கு வருகிறது, நான் எரிகிறவரைக்கும் அவர் பத்திரமாக இருப்பார் என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். எரிச்சல் குறைந்தால்கூட எனக்குக் கவலையாகிவிடும்.

என் அப்பா சும்மா இருக்காமல் ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். பெப்பர்மிண்ட் வாசனை அடிக்கும் வெள்ளை மிக்சர் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, முதலில் பட்டினி கிடப்பதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்துவதாவது. பாட்டிலை வாங்கிக்கொண்டு, அவருடைய யோசனையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மிக்சர் குடித்தால் செத்த நேரம் அடங்கும், பிறகு பழைய கதைதான்.

இப்படி இருக்கும்போதுதான் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நெஞ்சு எரியவே இல்லை. எத்தனையோ ஞாயிறு பார்த்துவிட்டேன், ஒரு நாளும் தப்பவில்லை. திங்கள் மத்தியானம் மறுபடியும் ஆரம்பித்துவிடும். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. ஒருசந்திக்கு ஓய்வு கொடுக்கிற ஆண்டவர் என் எரிச்சலுக்கும் ஓய்வு கொடுக்கிறார், இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா? எரிச்சல் மேலேயிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் மாமியார் என் தட்டைப் பார்த்து முகம் சுளித்தபோது, அவர் வாயை அடைப்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவர் குழவியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏட்டி, ஞாயித்துக்கெழமை நீ எத்தனை நேரம் சாப்பிடுத?"

"மூணு நேரம்."

"மத்த நாளு?"

"ஒரு நேரந்தான். அதுதான ஒருசந்தி."

"ஒரு நேரமில்ல. மூணு நேரத்துச் சோத்தையும் ஒரு நேரத்துல சாப்பிடுத. அதுக்கு முன்னால வெறும் வயித்துல அம்புட்டுக் காப்பி. தின்னுட்டு எருமை கணக்கா படுத்துக்கிடுத. பொறவு எரியாம குளுந்தா கெடக்கும்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். என் புருஷனுக்காக நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷி சிரிக்கிறாரே என்று அழுகையும் வந்தது. ஆனால் அவர் சொன்னது மூளைக்குள் போய்விட்டது. போனதைத் திரும்ப வெளியே எடுக்க முடியவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அவரே என் கையைப் பிடித்துப் பூசை வைத்த சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன நேந்துக்கிட்டம்மா?" என்று சாமியார் கேட்டார்.

"அவிய வார வரைக்கும் ஒருசந்தி இருக்கேன்னு, சாமி."

"ஒருசந்தியில மத்தியானம் முழுச் சாப்பாடு, சாயங்காலம் கொஞ்சமா ஏதாவது சாப்பிடலாம். திருச்சபையே அதை அனுமதிக்குது. நீ சாயங்காலம் என்ன சாப்பிடுற?"

"ஒண்ணும் சாப்பிடுதது இல்ல."

"அந்தச் சாயங்காலச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

"சம்மனசுக்கும் மேல போகப் பாக்கா, சாமி" என்றார் மாமியார் இடையில் புகுந்து. தேவதூதர்கள்கூட இவ்வளவு கெடுபிடியாக இருக்க மாட்டார்கள் என்று அர்த்தம். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேர்ச்சையை விட வேண்டியதில்லை, கோயில் கேட்காததைச் சேர்க்காமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மாமியார் ஒரு சின்னக் கிண்ணத்தில் மோர்ச்சோறு கரைத்துக் கொண்டுவந்து வைத்தார். என்னால் கையை வைக்க முடியவில்லை. இதைச் சாப்பிட்டு, எரிச்சல் நின்று, அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாமியார் சொன்னது புத்திக்கு எட்டியது, பயத்துக்கு எட்டவில்லை. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

"அவன் உனக்குப் புருஷன் ஆகி நாலு வருசம். எனக்குப் பொறந்ததுல இருந்தே பிள்ளை" என்றார். "அவனுக்கு ஒண்ணும் வராது. வந்தா என்னையக் கேளு. சாப்பிடு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அந்த மனுஷிக்கு என்னைவிட அதிகப் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது. கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட்டேன். அவரும் தனக்கு அதே அளவுதான் கரைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவரும் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம், ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டுத்தான். காலைக் கடுங்காப்பி போய் வெந்நீர் வந்தது. புளிக்குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போனது, மற்ற நாட்களில் பாசிப்பருப்பும் சுரைக்காயும். சாப்பிட்டதும் படுக்க விடாமல் எருமைக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிடுவார். புளித்த தண்ணீர் மேலே ஏறாமலிருக்க, என் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் பிடித்து வைத்தோம். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நாட்களில் நள்ளிரவிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதே, அதனால் வெகுநேரம் வயிறு காயாமலிருக்க இரண்டாம் பூசையை விட்டுவிட்டு விடியற்காலைப் பூசைக்கே போக ஆரம்பித்தேன். எரிச்சல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வாரத்தில் ஒரு நாள், பிறகு மாதத்தில் ஒரு நாள் என்று குறைந்தது. எரியாத நாட்களில் எனக்கு அவர் நினைப்பு பயமில்லாமல் வந்தது. அவர் வருவார் என்று முதன்முதலாக நினைத்துப் பார்க்க முடிந்தது.

அவர் வந்தார். ஒரு புதன்கிழமை மத்தியான ரயிலில், பாதி ஆளாக இளைத்து, காக்கிப் பையோடு வாசலில் நின்றார். மாமியார் அழுதுகொண்டே கோழியைப் பிடித்து அறுத்தார், அழுதுகொண்டே குழம்பு வைத்தார். நான் பரிமாறினேன். வீட்டுக்காரர் அவசர அவசரமாக அள்ளி வாயில் போட்டார். பாதிச் சாப்பாட்டில் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தி, கண்ணை மூடி, எதையோ விழுங்கினார். அந்த முகக் கோணலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சு எரியும். அங்க போன பொறவு வந்தது. காலையில வெறும் தேத்தண்ணி. சோறு எப்பக் கெடைக்குமோ தெரியாது. கெடைச்சா அம்புட்டையும் தின்னுட்டு அப்பிடியே சாயுறது."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. அவருக்குப் பதிலாக நான் எரிகிறேன் என்றுதானே அத்தனை மாதம் தாங்கினேன். இந்த நெஞ்செரிச்சலைக்கூடத் தடுக்க முடியவில்லையா? கரண்டியோடு நின்ற என்னை மாமியார் அடுப்படியிலிருந்து பார்த்தார். அவர் உதடு துடித்தது, எனக்கும் துடித்தது. இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"ஞாயித்துக்கெழமையும் எரியுமா?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துல ஏதுட்டி ஞாயித்துக்கெழமை?" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்துவிட்டு, மீதிச் சோற்றிலிருந்து குழம்பை வடித்துவிட்டு மோரை ஊற்றினேன். மாமியார் என் கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கல் இரண்டையும் உருவி மகன் கட்டிலுக்குக் கொண்டுபோனார். நேர்ச்சை முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம், புதன்கிழமையாக இருந்தும், நான் வயிறாரச் சாப்பிட உட்கார்ந்தேன். மாமியார் என் தட்டிலும் பாதிதான் வைத்தார்.