தொண்ணூறு வயதைத் தாங்காத கம்பைலர்

கம்பைலர் எழுதுகிறவர்களுக்குக் கண் கெடும் என்பார்கள். எங்கள் காலத்தில் காதுதான் கெட்டது. கேசட்டிலிருந்து நிரல் கணினிக்குள் ஏறும்போது ஒரு கீச்சொலி வரும். முதலில் ஒற்றைச் சுரமாக நீளும். பிறகு தகரத்தின்மேல் நெல்லைக் கொட்டினாற்போல் சிதறும். ஆறு நிமிடம். குறுவைப் பயிருக்குப் பம்புசெட்டுகள் ஓடும் மாதங்களில் நடுவே மின்சாரம் தாழ்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பழைய வீட்டுக் கணினிகளோடு இன்றும் மல்லாடும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர்.

குவைத்திலிருந்து வந்த பெட்டி

மாயவரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த நூர்ஜஹான் தரங்கம்பாடிக்காரி. அவள் அண்ணன் குவைத் சண்டையில் ஒரே ஒரு பையோடு ஊர் திரும்பினார். பைக்குள் டி.வி.யில் மாட்டுகிற சின்னக் கணினி ஒன்று. விசைப்பலகைதான் அதன் முழு உடம்பும். அதற்கான கம்பைலர் எங்கும் கிடைக்கவில்லை. நாமே எழுதிவிடலாம் என்றேன். ஏன், எப்படி என்று நூர்ஜஹான் கேட்கவில்லை, எப்போது என்றாள்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போவேன். வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் காணும் பகுதி என்னுடையது. கூட்டல், கழித்தல் என்று கணக்குப் போடும் பகுதி முழுக்க அவளுடையது. முதல் நிரல் ஓடிய அன்று டீ கொண்டுவந்த அண்ணன் சொன்னார்: "தங்கச்சிக்கு ஒரு வளையல்கூட எடுத்தாரலைன்னு அம்மா இன்னும் எங்கிட்ட பேசலைங்க. இது ஓடுதுன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."

இரண்டு பைட்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்கு ஏற்பாடு செய்யும் சாம்பசிவம்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். பிறந்த தேதியைக் கொடுத்தால் சடங்குக்குரிய நாளைக் கணினி சொல்ல வேண்டும். அதற்கு ஒருவர் வாழ்ந்த நாட்களை எண்ண வேண்டும். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் இடம் ஒதுக்கினால் 32,767 நாள் வரைதான் எண்ணலாம். தொண்ணூறு வயதுக்குச் சில மாதம் குறைகிறது. நான்கு பைட் ஒதுக்கினாலோ கம்பைலரே அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஏறாது. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் தீர்ப்பு சொன்னாள்: "தொண்ணூறு தாண்டி யாரு மேடம் மாலை மாத்திக்கப் போறாங்க? ரெண்டு பைட்டே போதும்."

சார்ஜா போன கேசட்

அவள் கணவர் சார்ஜாவில் வேலையில் இருந்தார். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, விமானம் ஏறுகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். ஒரு முறை எங்கள் கம்பைலர் கேசட் சார்ஜா போய்விட்டது. அவள் பேசிய கேசட்டைக் கணினிக்குள் ஏற்ற முயன்று அரை மணி நேரம் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். ஒலியைக் கூட்டிக் கேட்டபோதுதான் உள்ளே அவள் குரல். முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் கேசட் வந்தது: "ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டேன் நூரு. நீ ரொம்பக் கோவமா இருக்கேங்கிறது மட்டும் புரிஞ்சுது. லீவு போட்டு வர்றேன்."

வந்தார், திரும்பும்போது அவளையும் அழைத்துப் போனார். கணினியை என்னிடம் விட்டுவிட்டு, காரில் ஏறும்முன் அவள் கேட்டது ஒன்றுதான்: "எதை வேணா மாத்துங்க மேடம். தலைப்புல இருக்கிற எம்பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

பிறக்காத பெரியவர்

கணினியைச் சாம்பசிவத்திடமே வைத்திருந்தேன்; சில வருஷம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சாம்பசிவம் ஆள் அனுப்பினார். தொண்ணூறு நிறைந்த பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் கனகாபிஷேகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். எண் நிரம்பி வழிந்து கணினி கழித்தல் குறி போட்டுவிட்டது. அவர் பிறக்க இன்னும் எண்பத்தொன்பது வருஷம் இருக்கிறதாம். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்: "நான் பொறக்கவே இல்லையாம்டி. இப்பவாவது வேற மாப்பிள்ளை பாத்துக்கோ."

இரண்டாவது பெயர்

ஊருக்குள் பிரவுசிங் சென்டர்கள் வந்தபின், கம்பைலரின் மூல வரிகள் முழுவதையும் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். ஒரே நிபந்தனை, தலைப்பிலுள்ள இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். அதே பெட்டியை வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். போலந்துக்காரர் ஒருவர் நான்கு பைட் கணக்குப் பகுதியை அழகாக எழுதியனுப்பினார். கூடுதல் நினைவகம் செருகிய பெட்டிகளில் பிரமாதமாக ஓடியது. கூடவே நூர்ஜஹானின் பெயரை எடுத்திருந்தார். அவள் எழுதியதில் ஒரு வரிகூட இப்போது இல்லையே, பெயர் எதற்கு என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்றாம் நாள் அவளுடைய பகுதியை அவருடையதற்குப் பக்கத்திலேயே மறுபடி வைத்தேன்; எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பெயரையும் பழைய இடத்தில் போட்டேன். எதுவும் செருகாத பெட்டியில் இரண்டையும் ஏற்றிப் பாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: "என்னுடையது ஏறவில்லை. அவருடையது ஏறியது. பெயர் இருக்கட்டும்."

அந்தப் பதிலை அன்றே சார்ஜாவுக்கு அனுப்பினேன். நூர்ஜஹான் ஒரே வரி எழுதினாள்: "பாத்தீங்களா மேடம், போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

ஐம்பத்தொன்றாம் வயதில் அவள் அங்கேயே இறந்துபோனாள். அவள் நாட்களை எண்ண இரண்டு பைட் தாராளமாகப் போதுமாயிருந்தது.