பத்து எண்ணும் அண்ணி

என் அண்ணிக்கு வேலை, விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது. கேட்பவர்கள் "கொடுத்து வைத்தவர்" என்பார்கள். காணாமல் போன படகுகளைத் தேடும் சின்ன விமானம் அது. நான்கு மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. கடலோ வாய் கூசாமல் பொய் சொல்லும். மேகத்தின் நிழல் தீவாகத் தெரியும். அலை நுரை வெள்ளைப் படகாகும். சன்னலில் ஒட்டிய துளி அழுக்கு, தொலைவில் போகும் கப்பலாகும்.

சேர்ந்த புதிதில் அண்ணி ஒரு மேக நிழலைக் கவிழ்ந்த கப்பல் என்று சொல்லி, விமானத்தை மூன்று முறை சுற்ற வைத்துவிட்டார். இறங்கியதும் ஆளாளுக்குக் கேலி. வேறொருவராக இருந்தால் வேலையை விட்டிருப்பார். அண்ணி ஒரு நோட்டு வாங்கினார். ஏமாந்த ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, எப்படி ஏமாந்தேன் என்று பக்கத்தில் எழுதினார். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து அண்ணனுக்குப் பரீட்சை வைப்பார்.

"இது நுரையா, படகா? சொல்லுங்க."

"எனக்கு எல்லாமே கொசு மாதிரிதான் இருக்கு. ஆளை விடு."

அந்த நோட்டிலிருந்து வந்ததுதான் பத்து எண்ணும் பழக்கம். நுரை பத்து எண்ணுவதற்குள் கரைந்துவிடும், படகு கரையாது. தலையை அசைத்தால் கண்ணாடி அழுக்கு கடல்மேல் ஓடும், கப்பல் ஓடாது.

போன வருடம் மூன்று மீனவர்கள் கரை திரும்பவில்லை. முதல் நாள் மாலைவரை தேடியும் பலனில்லை. மறுநாள் காலை காற்றே இல்லை. மூடுபனியில் கடலும் வானமும் ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்த வெளுப்பில், ஆகாயத்தில் தொங்குவதுபோல ஒரு கறுப்புக் கீற்று.

"அது வானத்துல இருக்கும்மா. பறவையா இருக்கும்," என்றார் விமானி.

"பத்து எண்ணிட்டேன் சார். அப்படியே இருக்கு. தலையை அசைச்சும் பார்த்துட்டேன். திரும்புங்க."

"எரிபொருள் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் வரும்."

"ஒண்ணு போதும்."

விமானம் திரும்பித் தாழ்ந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார். மிதவையைப் போட்டுவிட்டு ரேடியோவில் இடத்தைச் சொன்னார்கள். மதியத்துக்குள் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

அன்று மாலையே அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்ட மூத்தவர், வெள்ளந்தியாக ஒன்று சொன்னார்: "நேத்து சாயங்காலமும் உங்க விமானம் எங்க தலைக்கு மேலதாம்மா போச்சு. கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு."

முந்தின நாள் மாலை அந்தப் பகுதியைச் சன்னலிலிருந்து பார்த்ததும் அண்ணிதான். சாயும் வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசத் தகதகத்த இடம் அது.

வீட்டுக்கு வந்த அண்ணி இரண்டு நாள் நோட்டும் பென்சிலுமாகவே இருந்தார். "மூணு உயிரைக் காப்பாத்திட்டு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றான் அண்ணன்.

"ஒரு நாள் முன்னாடியே காப்பாத்தியிருக்கலாமே."

மூன்றாம் நாள் நோட்டோடு அதிகாரி முன் போய் நின்றார். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் கண்ணை மறைக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். மாலையில் பார்த்த இடத்தை மறுநாள் காலையில், வெயிலுக்கு முதுகைக் காட்டி, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். அதிகாரி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை, அண்ணியும் விடவில்லை. இப்போது அங்கே எல்லா விமானங்களும் அப்படித்தான் தேடுகின்றன.